பள்ளித் தொண்டு மன்றம்: முதல் கூட்டத்திலிருந்து ஒப்படைப்பு வரை ஒரு முழுமையான வழிகாட்டி

மாணவர் தொண்டு மன்றத்தைத் தொடங்குவது ஒரு வார வேலை. பதாகை, உறுதிமொழி, குழுப்படம் எல்லாம் அதற்குள் ஆகிவிடும். மூன்றாவது மாதம், தேர்வு நெருங்கும்போது, வருகிறோம் என்று சொன்ன சனிக்கிழமை காலை 9 மணிக்குச் சொன்ன எண்ணிக்கையில் ஆட்கள் அந்த வாசலில் நிற்கிறார்களா? மன்றத்தின் தரம் அங்கேதான் தெரியும். இந்த வழிகாட்டியில் உள்ள ஒவ்வொரு படியும் அந்த 9 மணிக்காகத்தான்.

ஒரே நாளில் நூறு பேரைப் பார்த்துவிட்டு வருவதைவிட, எட்டுப் பேரிடம் இருபது முறை போவதையே நாங்கள் பரிந்துரைக்கிறோம். முதல் இரண்டு சந்திப்புகள் கூச்சம் தெளிவதிலேயே போய்விடும். மூன்றாவது, நான்காவது முறை போகும்போதுதான், தனக்கு எழுத்துக்கூட்டத் தெரியவில்லை என்பதை ஒரு குழந்தை மறைக்காமல் காட்டும். திரும்பப் போகாத மன்றத்துக்கு அது தெரியவே தெரியாது.

பொறுப்பாசிரியர் முதலில், உறுப்பினர் பிறகு

மன்றத்துக்குப் பெயர் வைப்பதற்கு முன் ஓர் ஆசிரியரைப் பிடியுங்கள். அவரிடம், “எங்கள் மன்றத்துக்குப் பொறுப்பாக இருப்பீர்களா?” என்று கேட்டால் மறுக்கச் சங்கடப்பட்டுச் சரி என்பார். “மாதம் இரண்டு சனிக்கிழமை, காலை எட்டரை முதல் பன்னிரண்டு வரை எங்களோடு வர முடியுமா, சார்?” என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்கு வரும் ‘முடியும்’ நம்பத் தகுந்தது. இரண்டு ஆசிரியர்கள் கிடைத்தால் மாற்றி மாற்றி வரலாம். ஒருவர் மட்டும் என்றால், அவருக்குக் காய்ச்சல் வந்த வாரம் மன்றமும் படுத்துவிடும்.

சர்வதேச அமைப்பின் கிளையாகத் தொடங்குவதா, பள்ளியின் சொந்த மன்றமாகவே வைத்துக்கொள்வதா என்ற கேள்வி அடுத்து வரும். பள்ளி மாணவர்களுக்காக மூன்று பெரிய அமைப்புகள் உண்டு. கிவானிஸ் என்ற தொண்டு அமைப்பின் ‘கீ கிளப்’ 1925இல் அமெரிக்காவின் சாக்ரமெண்டோ உயர்நிலைப் பள்ளியில் தொடங்கியது. லயன்ஸ் சங்கத்தின் ‘லியோ கிளப்’ 1957இல் பென்சில்வேனியாவில் தொடங்கியது. ரோட்டரியின் ‘இன்டராக்ட்’ 1962இல் ஃபுளோரிடாவில் மெல்போர்ன் என்ற ஊரின் உயர்நிலைப் பள்ளியில் தொடங்கியது. இன்டராக்ட் 12 முதல் 18 வயது வரை. ஆண்டுக்குக் குறைந்தது இரண்டு திட்டங்கள் நடத்த வேண்டும்: பள்ளிக்கோ ஊருக்கோ உதவுவது ஒன்று, நாடுகளுக்கிடையே புரிதலை வளர்ப்பது மற்றொன்று. இணைந்தால் கிடைக்கும் பெரிய லாபம், பக்கத்து ரோட்டரி சங்கத்திலோ லயன்ஸ் சங்கத்திலோ உள்ள பெரியவர்களின் துணை. மருத்துவர், வண்டி வைத்திருப்பவர், கணக்கர் என்று பல கைகள் வந்து சேரும். அறிக்கை, கூட்டம், பதிவு என்று எழுத்து வேலை கூடுவது அதற்கான விலை. பெரியவர்கள் துணை பள்ளிக்குள்ளேயே கிடைத்தால் முதலாண்டு தனியாக நடத்திப் பார்த்துவிட்டு, இரண்டாமாண்டு இணைவது நல்லது.

தேவையைக் கேட்டு அறிதல்

இந்தப் படிக்கு மூன்று வாரம் ஒதுக்குங்கள். பெரும்பாலான மன்றங்கள் இதை ஒரே கூட்டத்தில் முடித்துவிடுகின்றன. உறுப்பினர்களுக்குள் கைதூக்கச் சொல்லி, பிடித்த திட்டத்தைத் தேர்ந்துவிடுகிறார்கள். அந்தக் கூட்டத்தில் உதவி பெறப்போகிறவர் ஒருவர்கூட இருப்பதில்லை.

பள்ளியிலிருந்து அரை மணி நேரத்துக்குள் போய்ச் சேரக்கூடிய மூன்று நான்கு இடங்களைப் பட்டியல் போடுங்கள்: தொடக்கப் பள்ளி, முதியோர் இல்லம், நூலகம், பூங்கா, மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவு. ஒவ்வோர் இடத்துக்கும் இரண்டு மாணவரும் ஓர் ஆசிரியரும் முன்கூட்டியே நேரம் கேட்டுக்கொண்டு போக வேண்டும். “உங்களுக்கு என்ன உதவி வேண்டும்?” என்று மட்டும் கேட்காதீர்கள். மாணவர்கள் ஆசையாக வந்திருக்கிறார்களே என்று, “எதுவானாலும் சந்தோஷம்தான், பிள்ளைகளா” என்பார்கள். அதை வைத்துத் திட்டம் போட முடியாது. கீழ்க்கண்ட கேள்விகளுக்கு உண்மையான பதில் வரும்:

- வாரத்தில் எந்த நாள், எந்த நேரம் உங்களுக்கு ஆள் போதவில்லை?
- செய்ய வேண்டும் என்று நினைத்து மாதக்கணக்கில் தள்ளிப்போகிற வேலை எது?
- இதற்கு முன் வந்த மாணவர்களால் உங்களுக்குக் கூடிய வேலை என்ன?
- எதைக் கொண்டுவர வேண்டாம்?
- நாங்கள் ஒரு வாரம் வரவில்லை என்றால் யாருக்கு, என்ன சிரமம்?

மூன்றாவது கேள்விக்கு முதலில் தயங்குவார்கள். கொஞ்சம் பொறுத்திருந்தால், போனவர்கள் விட்டுச்சென்ற குப்பையைப் பற்றியும், முன்னறிவிப்பில்லாமல் நாற்பது பேர் வந்து நின்றதைப் பற்றியும், தூங்கிக்கொண்டிருந்த முதியவரை எழுப்பிப் படம் எடுத்ததைப் பற்றியும் சொல்வார்கள். அவற்றை வார்த்தை மாறாமல் எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் மன்றத்தின் முதல் விதிகள் அந்தத் தாளிலிருந்தே வரட்டும்.

கடைசிக் கேள்விக்கு, “பரவாயில்லை, ஒன்றும் ஆகாது” என்ற பதில் வந்தால், அது உங்களுக்கான திட்டம் இல்லை. “அன்றைக்கு அந்தப் பிள்ளைகளுக்கு வாசிப்பு நடக்காது” என்று வந்தால், அங்கே போங்கள்.

முதலாண்டில் ஒரு தொடர் பணியும், ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை வரும் ஒருநாள் பணியும் போதும். ஐந்து திட்டம் எடுத்தால் ஐந்தும் பாதியில் நிற்கும்.

ஆள் கணக்கு

பெயர் கொடுத்தவர்களில் மூன்றில் ஒருவர் அன்றைக்கு வரமாட்டார் என்றே கணக்குப் போடுங்கள். உறவினர் திருமணம், தனிப்பயிற்சி, உடல்நலம், பேருந்து என்று நியாயமான காரணங்களே இருக்கும். ஓர் இடத்துக்கு எட்டுப் பேர் தேவையென்றால் பட்டியலில் பன்னிரண்டு பேர் இருக்க வேண்டும். எட்டுப் பேர் நிரந்தரம், நால்வர் மாற்று. எட்டுப் பேரும் வந்துவிட்ட நாளில் மாற்று ஆட்கள் புத்தகங்களுக்கு அட்டை போடுவது, அடுத்த வாரத்துக்கான சொல் அட்டை எழுதுவது என்று வேலை வைத்திருங்கள். சும்மா நிற்க வைத்தால் அடுத்த வாரம் வரமாட்டார்கள்.

உறுப்பினர் 24 பேர் என்றால் 12 பேர் கொண்ட இரண்டு அணி. ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் ஓர் அணி போகும். படிப்புக்கும் இடைஞ்சல் இல்லை, போகுமிடத்திலும் வாரந்தவறாமல் பணி நடக்கும்.

நாட்காட்டியை எடுத்துத் தேர்வு வாரங்களையும் அவற்றுக்கு முந்தைய வாரங்களையும் முதலில் அடித்துவிடுங்கள். பிறகு விடுமுறைகள், பள்ளி விழாக்கள். 40 வாரக் கல்வியாண்டில் தேர்வுக்கு 9 அல்லது 10, விடுமுறைக்கு 4 அல்லது 5, விழாக்களுக்கு 2 அல்லது 3 போனால் மிஞ்சுவது 22 முதல் 25 வாரம். அந்தத் தேதிகளை மட்டும் வாக்குக் கொடுங்கள். வாராவாரம் வருவோம் என்று சொல்லிவிட்டுத் தேர்வு மாதத்தில் காணாமல்போவதைவிட, ‘இந்த 22 நாள் வருவோம்’ என்று எழுதிக் கொடுப்பது மரியாதை.

தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாப் பள்ளியிலும் இருப்பார்கள். அவர்களைவிட அவசியமான மூன்று பொறுப்புகள் உண்டு. வியாழக்கிழமை மாலையே ஒவ்வொருவரிடமும் ‘வருகிறாயா?’ என்று கேட்டு உறுதிசெய்யும் அழைப்பாளர். பொருட்களைக் கணக்கோடு எடுத்துப்போய்க் கணக்கோடு திருப்பி வைக்கும் பொருள் காப்பாளர். ஏறும்போதும் இறங்கும்போதும் திரும்பும்போதும் தலை எண்ணுபவர். வாட்ஸ்அப் குழுவில் செய்தி போட்டுவிட்டால் அழைத்தாயிற்று என்று நினைக்க வேண்டாம். நீலக் கோடு பார்த்ததற்குத்தான் அடையாளம். ‘வருகிறேன்’ என்று பதில் எழுதியவரை மட்டுமே எண்ணுங்கள்.

தாளில் இருக்க வேண்டியவை

பெற்றோர் சம்மதக் கடிதம் திட்டத்துக்கு ஒன்று. ஆண்டுத் தொடக்கத்தில் வாங்கிய பொதுக் கடிதம் வெளியே போவதற்குப் போதாது. இடத்தின் முகவரி, தேதிகள், கிளம்பும் நேரம், திரும்பும் நேரம், பயண வகை, உடன்வரும் பெரியவர்களின் பெயர், திரும்பியதும் பிள்ளையை யார் அழைத்துப் போவார் என்பவை அதில் இருக்க வேண்டும். கீழே பெற்றோர் நிரப்ப: அவசரத் தொலைபேசி எண் இரண்டு, ஒவ்வாமை, ஆஸ்துமா, வலிப்பு, தவறாமல் எடுக்கும் மருந்து. படம் எடுத்து வெளியிடச் சம்மதமா என்பதற்குத் தனிக் கையெழுத்து வாங்குங்கள். பயணத்துக்குச் சம்மதித்தவர் படத்துக்கும் சம்மதித்தார் என்று கொள்ளக் கூடாது. நிரப்பிய கடிதங்களின் நகல் உடன்வரும் ஆசிரியரின் பையில் இருக்க வேண்டும். பள்ளி அலமாரியில் பூட்டிவைத்த கடிதம் அவசரத்துக்கு உதவாது.

போகுமிடத்தோடு ஒரு பக்க உடன்படிக்கை எழுதிக்கொள்ளுங்கள். எத்தனை பேர், எந்த வேலை, எந்த அறை, அங்கே யார் பொறுப்பு, வர முடியாவிட்டால் எத்தனை நாளுக்கு முன் சொல்வது. இரு தரப்பும் கையெழுத்திட்டால் போதும். முத்திரைத்தாள் எதுவும் வேண்டாம்.

விட்டுக்கொடுக்கக் கூடாத பாதுகாப்பு விதிகள்

பத்து மாணவருக்கு ஒரு பெரியவர். சாலையோரமோ நீர்நிலையோரமோ என்றால் ஐந்து மாணவருக்கு ஒருவர். எவ்வளவு சிறிய குழுவானாலும் பெரியவர் இருவர் இருந்தே ஆக வேண்டும். ஒரு மாணவருக்கு அடிபட்டு ஒருவர் மருத்துவமனைக்குப் போனால், மீதிப் பிள்ளைகளோடு இருக்க ஒருவர் வேண்டும் அல்லவா?

குழந்தைகளோடு பணி என்றால், மூடிய அறையில் ஒரு மாணவரும் ஒரு குழந்தையும் தனியாக இருக்கக் கூடாது. கதவு திறந்திருக்க வேண்டும், இன்னொரு ஜோடி கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். தொலைபேசி எண்ணோ சமூக ஊடகக் கணக்கோ பரிமாறக் கூடாது. ஒரு குழந்தைக்கு மட்டும் பரிசு கொடுக்கக் கூடாது. மற்ற ஏழு பேரின் முகத்தைப் பார்த்தால் காரணம் புரியும். தன்னை யாரோ அடிக்கிறார்கள், தொடுகிறார்கள் என்று ஒரு குழந்தை சொன்னால் மாணவர் செய்ய வேண்டியது மூன்று: குறுக்குக் கேள்வி கேட்காமல் கேட்பது, ‘யாரிடமும் சொல்லமாட்டேன்’ என்று வாக்குக் கொடுக்காமலிருப்பது, அன்றைக்கே, அந்த இடத்தைவிட்டுக் கிளம்புவதற்குள் பொறுப்பாசிரியரிடம் சொல்வது. இதைப் பயிற்சியில் நடித்தே காட்டுங்கள். வாயால் சொன்ன விதி பதற்றத்தில் மறந்துவிடும்.

முதியோர் இல்லத்தில் யாரையும் தூக்கக் கூடாது, நடக்கத் தனியாகக் கைபிடித்துக் கூட்டிப்போகக் கூடாது, உணவு ஊட்டக் கூடாது, மாத்திரை எடுத்துக் கொடுக்கக் கூடாது. விழுங்குவதில் சிரமம் உள்ளவருக்கு ஒரு வாய் தண்ணீர்கூட மூச்சுக்குழலில் இறங்கிவிடலாம். சளியோ காய்ச்சலோ இருக்கும் மாணவர் அன்றைக்கு வீட்டிலேயே இருப்பதுதான் அவர் செய்யும் தொண்டு.

பயிற்சி: வாசிப்புத் துணையை எடுத்துக்கொள்வோம்

முதல் முறை போவதற்கு முன் 90 நிமிடப் பயிற்சி கட்டாயம். எதையும் மேலோட்டமாகச் சொல்லாமல், ஒரு பணியை எடுத்து அக்குவேறு ஆணிவேறாகப் பழகுவது நல்லது. தொடக்கப் பள்ளிக் குழந்தைக்கு வாசிப்புத் துணையாக இருப்பது உயர்நிலைப் பள்ளி மாணவருக்கு மிகப் பொருத்தமான வேலை. செலவு குறைவு, வளர்ச்சி கண்ணுக்குத் தெரியும். வயது வித்தியாசம் குறைவு என்பதால் குழந்தைக்குப் பயமும் இராது. அண்ணா, அக்கா என்று ஒட்டிக்கொள்ளும்.

ஒரு அமர்வு 30 நிமிடம். முதல் 5 நிமிடம் சும்மா பேச்சு. அடுத்த 10 நிமிடம் நீங்கள் வாசிக்க, குழந்தை விரலால் வரியைத் தொடர்ந்து வரும். அடுத்த 10 நிமிடம் குழந்தை வாசிக்கும். கடைசி 5 நிமிடம் கதையில் பிடித்ததைப் பேசிவிட்டுக் குறிப்பேட்டில் எழுதுவது. எதிரெதிரே உட்கார வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்தால்தான் இருவருக்கும் எழுத்து நேராகத் தெரியும்.

புத்தகம் சரியா என்று பார்க்க ஐந்து விரல் சோதனை உண்டு. ஏறத்தாழ நூறு சொல் உள்ள ஒரு பக்கத்தைக் குழந்தை வாசிக்கட்டும். தெரியாத ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு விரலை மடக்குங்கள். பக்கம் முடிவதற்குள் ஐந்து விரலும் மடங்கிவிட்டால் புத்தகம் கடினம். அதை ‘நான் உனக்கு வாசிக்கும் புத்தகம்’ என்று மாற்றிக்கொண்டு, குழந்தை வாசிக்க எளிதானது ஒன்றை எடுங்கள்.

குழந்தை ஒரு சொல்லில் நின்றுவிட்டால் துணையாளர் அவசரப்பட்டுச் சொல்லிக் கொடுத்துவிடுவார். புதியவர்கள் எல்லோரும் செய்யும் தவறு இது. மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். ஐந்து நொடி மௌனம் உங்களுக்கு நீளமாகத் தெரியும். குழந்தைக்கு அது யோசிக்கும் நேரம். பிறகு முதல் எழுத்தை மட்டும் விரலால் மறைக்காமல் விட்டு, “இது என்ன?” என்று கேளுங்கள். அப்போதும் வரவில்லை என்றால் சொல்லைச் சொல்லிவிட்டு, வரியை முதலிலிருந்து வாசிக்கச் சொல்லுங்கள். தவறை ‘தப்பு’ என்று சொல்வதால் பயனில்லை, எங்கே தவறுகிறது என்று பார்க்க வேண்டும். ‘பெட்டி’யைக் குழந்தை ‘பேட்டி’ என்று வாசித்தால் எழுத்துத் தெரியாமல் இல்லை; ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைக் கொம்புக்கும் வித்தியாசம் பிடிபடவில்லை. குறிப்பேட்டில் ‘சரியாக வாசிக்கவில்லை’ என்று எழுதினால் அடுத்த வாரம் வருகிறவருக்கு எந்தப் பயனும் இல்லை. ‘கொம்பில் குழப்பம்: பெட்டி, செடி, மேடு மூன்றும் பார்த்தோம், மேடு சரியாக வந்தது’ என்று எழுதுங்கள்.

இரண்டு அணி மாறி மாறிப் போவதால் ஒரு குழந்தைக்கு இரண்டு துணையாளர் இருப்பார்கள். அந்த இருவரையும் இணைப்பது இந்தக் குறிப்பேடுதான். குழந்தையின் முதல்பெயர் மட்டும் போட்டு, அதைப் பள்ளியிலேயே வைத்துவிட்டு வாருங்கள். யார் வீட்டுக்கும் எடுத்துப்போகக் கூடாது.

பயிற்சியில் மாணவர்கள் ஜோடியாக உட்கார்ந்து, ஒருவர் குழந்தையாக நடித்து, வேண்டுமென்றே நிற்கவும் தவறவும் வேண்டும். ஆசிரியர் கடிகாரத்தோடு நின்று அந்த ஐந்து நொடியை எண்ணட்டும்.

ஒருநாள் பணி: இடத்தைச் சுத்தம் செய்தல்

பூங்கா, கடற்கரை, ஏரிக்கரை எதுவானாலும் கணக்கு இதுதான். 20 மாணவர், 90 நிமிடம். மூவர் அணியாக ஆறு அணி. மீதி இருவரில் ஒருவர் எடை பார்க்க, ஒருவர் தண்ணீருக்கும் முதலுதவிப் பெட்டிக்கும். ஓர் அணிக்கு 50 மீட்டர் நீளம். மூவரில் ஒருவர் இடுக்கியால் எடுப்பார், ஒருவர் பையைப் பிடிப்பார், ஒருவர் எழுதுவார். 20 நிமிடத்துக்கு ஒரு முறை வேலையை மாற்றிக்கொள்ளுங்கள்.

எடுத்துப்போக வேண்டியவை: தடித்த ரப்பர் கையுறை 24 ஜோடி, நீள இடுக்கி 7, கனமான பை 25, தொங்கு தராசு 1, இறுக்க மூடும் கெட்டிப் பிளாஸ்டிக் டப்பா 2, எழுதும் அட்டை 6, ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், சோப்பு. காலில் மூடிய ஷூ. செருப்போடு வந்தவரைக் குப்பை பொறுக்க விடாதீர்கள். எழுதும் வேலையும் வேண்டாம், குடிதண்ணீர் கொடுக்கும் இடத்தில் நிறுத்துங்கள். பையை முக்கால் பங்குக்கு மேல் நிரப்பினால் தூக்கும்போது கிழியும்.

ஊசி, உடைந்த கண்ணாடி, பெயரில்லாத ரசாயனப் புட்டி, செத்த விலங்கு எதையும் மாணவர் தொடக் கூடாது. இடத்தில் அடையாளம் வைத்துவிட்டுப் பெரியவரைக் கூப்பிட வேண்டும். ஊசியையும் கண்ணாடியையும் அவர் இடுக்கியால் எடுத்து அந்த டப்பாவில் போடுவார். மீதியைச் சுகாதாரத் துறையினரிடம் சொல்ல வேண்டும்.

சுத்தப் பணி பெரும்பாலும் கெட்டுப்போவது குப்பையை எடுப்பதில் இல்லை, எடுத்தபின்தான். இருபத்தைந்து பைகளை ஓர் ஓரமாக அடுக்கிவிட்டுப் பிள்ளைகள் கிளம்புவார்கள். வண்டி வராது. இரவில் நாய்கள் கிழித்துவிடும். மறுநாள் இடம் முன்பைவிட மோசமாக இருக்கும், பழியும் மன்றத்துக்குத்தான். ஆகவே உள்ளாட்சி அலுவலகத்தில் வண்டி வரும் நேரத்தை எழுத்தில் வாங்கிக்கொண்டு, பிறகு நாள் குறியுங்கள். கடைசிப் பை வண்டியில் ஏறும்வரை ஓர் ஆசிரியரும் நான்கு மூத்த மாணவரும் அங்கேயே இருக்க வேண்டும்.

எதற்காக எழுதுவது? 1986இல் தொடங்கிய சர்வதேசக் கடற்கரைத் தூய்மைப் பணியில் இன்றைக்கும் தன்னார்வலர்கள் ஒவ்வொரு பொருளையும் வகைவாரியாக எண்ணிப் பதிவு செய்கிறார்கள். ‘40 கிலோ அகற்றினோம்’ என்பதைவிட ‘தண்ணீர்ப் புட்டி 212, அவற்றில் பெரும்பகுதி பேருந்து நிறுத்தத்தை ஒட்டிய 50 மீட்டரில்’ என்பது அதிகம் சொல்லும். அங்கே ஒரு குப்பைத் தொட்டி வைக்கச் சொல்லி மனு கொடுக்கலாம். நான்கு வாரம் கழித்து அதே இடத்தை அதே அட்டையோடு எண்ணிப் பார்த்தால் தொட்டி வேலை செய்கிறதா என்று தெரிந்துவிடும். நாங்கள் வருந்துவது, எண்ணிய அட்டைகளைப் படம் எடுத்ததோடு தூக்கிப்போடும் மன்றங்களைப் பார்த்துத்தான்.

மற்ற பணிகளில் அடிக்கடி வரும் தவறுகள்

மரக்கன்று: எத்தனை நட முடியும் என்று கணக்கிடாதீர்கள், எத்தனைக்குத் தண்ணீர் ஊற்ற முடியும் என்று பாருங்கள். கன்றுக்கு 10 லிட்டர், வாரம் இரண்டு முறை என்றால் 20 கன்றுக்கு வாரம் 400 லிட்டர். பத்து லிட்டர் வாளியில் 40 நடை. கோடை விடுமுறையில் இந்த 40 நடையை யார் நடப்பார் என்று பெயர் எழுதிய பிறகு குழி வெட்டுங்கள். பெயர் ஐந்து கன்றுக்குத்தான் கிடைத்தது என்றால் ஐந்தே நடுங்கள்.

துணி, புத்தகம் சேகரிப்பு: ‘பயன்படுத்தியது எதுவும் தரலாம்’ என்று அறிவித்தால் வீட்டுக் கழிவு வந்து சேரும். என்ன வேண்டும், என்ன வேண்டாம் என்று வகை சொல்லி, ஒரே வாரம் மட்டும் வாங்குங்கள். சேகரிக்க ஆன நேரத்தைப்போல இரண்டு மடங்கைப் பிரிப்பதற்கு ஒதுக்குங்கள். தன் தம்பிக்கோ தங்கைக்கோ கொடுக்கத் தயங்கும் எதையும் ‘வேண்டாம்’ குவியலில் போடுவதே அளவுகோல். அந்தக் குவியல் எங்கே போகும் என்பதையும் முன்பே முடிவு செய்யுங்கள்.

முதியோர் சந்திப்பு: இருபது பேர் கூடத்தில் நின்று பாடுவது பலருக்கு இரைச்சல். இரண்டு மாணவர், ஒரு பாட்டி அல்லது தாத்தா, அரை மணி நேரம். முகத்தில் வெளிச்சம் விழும்படி எதிரே உட்கார்ந்து நிதானமாகப் பேசுங்கள். காது மந்தமானவர் உதட்டையும் பார்த்துத்தான் புரிந்துகொள்கிறார், கத்த வேண்டியதில்லை. போன முறை அவர் சொன்ன ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக் கேளுங்கள்: “கண் சிகிச்சைக்குப் போவதாகச் சொன்னீர்களே பாட்டி, போய்விட்டு வந்தீர்களா?”

ரத்ததான முகாம்: பல நாடுகளில் 18 வயது ஆனவரே கொடுக்க முடியும். மாணவர் செய்யக்கூடியது பதிவு, வரிசை ஒழுங்கு, கொடுத்தவரைப் பத்துப் பதினைந்து நிமிடம் உட்கார வைத்துப் பார்த்துக்கொள்வது.

பணம்

தனி மாணவரின் வங்கிக் கணக்கிலோ கைப்பேசிச் செயலியிலோ மன்றப் பணம் ஒரு ரூபாய்கூட விழக் கூடாது. பள்ளிக் கணக்கு வழியாகவே எல்லாம். வரிசை எண் அச்சிட்ட ரசீதுப் புத்தகம், உண்டியலை இருவர் சேர்ந்து எண்ணுவது, அன்றைக்கே எழுதுவது, செலவுக்குப் பொருளாளர், ஆசிரியர் இருவர் கையெழுத்து, மாதக் கடைசியில் அறிவிப்புப் பலகையில் வரவு செலவு. நேர்மையான பிள்ளைமீது சந்தேகம் விழாமலிருக்கவே இவ்வளவும்.

மணிக்கணக்கு

சில இடங்களில் தொண்டு மணிக்கணக்கு மதிப்பெண் பட்டியலைப்போலவே முக்கியம். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ் பெற 40 மணி நேரச் சமூகப்பணி வேண்டும். அமெரிக்காவின் மேரிலாந்தில் 75 மணி நேரம், அல்லது கல்வி மாவட்டம் வகுத்து ஒப்புதல் பெற்ற அதற்கு ஈடான திட்டம். உங்கள் பள்ளியில் அப்படிக் கட்டாயம் இல்லையென்றாலும் பதிவேடு அதே கண்டிப்போடு இருக்கட்டும்.

தேதி, வந்த நேரம், கிளம்பிய நேரம், செய்த வேலை, அங்குள்ள பொறுப்பாளரின் கையெழுத்து. கால் மணிக்குக் குறைவான நேரத்தைக் கால் மணியாக உயர்த்தி எழுத வேண்டாம். பயண நேரம் கணக்கில் சேராது. கூட்டம், பயிற்சி ஆகியவற்றுக்குத் தனிப் பத்தி. கையெழுத்து அன்றைக்கே வாங்க வேண்டும். மாதக் கடைசியில் மொத்தமாகக் கையெழுத்து வாங்கும் வழக்கம் வந்துவிட்டால், வராதவர் பெயரும் மெல்ல உள்ளே நுழைந்துவிடும். மழையில் நனைந்து வந்த பிள்ளைக்கும் வராத பிள்ளைக்கும் ஒரே மூன்று மணி நேரம் என்றால், உண்மையாக உழைத்தவர் மனம் விட்டுப்போகும். அதைச் சரிசெய்ய எந்தப் பாராட்டு விழாவாலும் முடியாது.

அன்றைக்கே பேசுங்கள்

திரும்பியதும் கலைந்துவிடாமல் 15 நிமிடம் வட்டமாக உட்காருங்கள். இன்று எதிர்பாராமல் நடந்தது என்ன? எங்கே நம்மால் அவர்களுக்குச் சிரமம்? அடுத்த முறை எதை மாற்றுவோம்? கடைசிக் கேள்விக்கு வந்த பதிலை ஒருவர் எழுதி, யார் செய்வது என்று பெயர் போட வேண்டும். ‘நன்றாக இருந்தது’ என்று மட்டும் எல்லோரும் சொன்னால், தலைவர் தன் தவறு ஒன்றை முதலில் சொல்லட்டும். பிறகு மற்றவர் வாய் திறப்பார்கள்.

இரண்டு மாதத்துக்கு ஒரு முறை, போகுமிடத்துப் பொறுப்பாளரைத் தனியாகச் சந்தித்து, “நாங்கள் நிறுத்த வேண்டியது ஏதாவது இருக்கிறதா, அம்மா?” என்று கேளுங்கள். ‘தொடர வேண்டியது என்ன?’ என்ற கேள்வியைவிட இதில்தான் விஷயம் கிடைக்கும்.

ஒப்படைப்பு

நல்ல மன்றங்கள் விழுவது பெரும்பாலும் இங்கே. இறுதி வகுப்பு மாணவர்கள் தேர்வுக்குப் போய்விடுவார்கள். தொடர்பு எண்கள் அவர்கள் கைப்பேசியில், சாவி ஒருவர் வீட்டில். புதியவர்கள் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்குவார்கள். பள்ளியாண்டு முடிய மூன்று மாதம் இருக்கும்போதே ஒவ்வொரு பொறுப்புக்கும் இளையவர் ஒருவரைச் சேர்த்துவிடுங்கள். முதல் மாதம் அவர் பார்ப்பார். இரண்டாம் மாதம் இருவரும் சேர்ந்து செய்வார்கள். மூன்றாம் மாதம் அவர் செய்ய, மூத்தவர் பார்ப்பார்.

ஒரே ஒரு பெட்டி வைத்துக்கொள்ளுங்கள். உடன்படிக்கை, பொறுப்பாளர்களின் எண்கள், பொருள் பட்டியல், ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டை, முதல் சந்திப்பில் அவர்கள் சொன்ன குறைகள் எழுதிய அந்தத் தாள், எல்லாம் அதில். பெட்டி ஆசிரியர் அறையில் இருக்கட்டும்.

குழந்தைகளிடமும் முதியவர்களிடமும் திடீரென்று விடைபெறாதீர்கள். நான்கு வாரத்துக்கு முன்பே, “இன்னும் நாலு சனிக்கிழமை வருவேன், அப்புறம் இந்த அக்கா வருவாங்க” என்று சொல்லி, அந்த அக்காவையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். கடைசி நாளில் குறிப்பேட்டின் அடுத்த வெற்றுப் பக்கத்தில் புதிய துணையாளரே தன் பெயரை எழுதட்டும். கிளம்புமுன் அலுவலக அறைக்குப் போய், அங்கே சுவரில் தொங்கும் நாட்காட்டியில் வரும் கல்வியாண்டின் முதல் வருகைத் தேதியைக் குறித்துவிட்டு வாருங்கள். நாட்காட்டி அவ்வளவு தூரம் போகவில்லை என்றால், ஒரு துண்டுச்சீட்டில் எழுதி அதன் கடைசித் தாளில் குத்திவிடுங்கள்.